உள்ளே போகும் ஆம்

என் வேலை காதால் பார்ப்பது.
லிக்செலே காவல் நிலையத்தின் பின்னறை.
தலையில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி:
மிதித்தால் விசாரணை ஓடும்,
எடுத்தால் நிற்கும்.
பதினொரு வருடமாக
முகம் தெரியாதவர்களின் வாக்குமூலங்களை
எழுத்தாக்கித் தருகிறேன்.

முகம் தெரியாது என்பது பாதிப் பொய்.
நாற்காலி கிறீச்சிட்டால் பின்னால் சாய்கிறார்.
கோப்பை தட்டில் இரண்டு முறை இடித்தால்
கை நடுங்குகிறது.
ஜிப்பை மேலும் கீழும் இழுக்கிற சத்தம்
பெரும்பாலும் பையன்கள்,
பெரும்பாலும் பெட்ரோல் திருட்டு.
இதில் எதையும் தட்டச்சு செய்ய அனுமதியில்லை.
சொற்களை மட்டும் என்கிறது சுற்றறிக்கை.
சொல் இல்லாத இடத்தில்
அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று போடலாம்.

இன்று அல்கோத் சான்ட்ஸ்ட்ரோம்,
வயது அறுபத்தொன்று, மர ஆலையில் ரம்பம் தீட்டுபவர்.
பிப்ரவரியில் ஏரியின் உறைபனிமேல்
மூன்று கலைமான்களை அடித்துப் போட்டுவிட்டு
நிற்காமல் போன பனி ஸ்கூட்டர் பற்றிய விசாரணை.
கேட்பவர் இன்ஸ்பெக்டர் மால்ட்டே ப்ரோர்சன்.
தெற்கே மால்மோவிலிருந்து மாற்றலாகி வந்து
ஆறு வாரம்.

"அது உங்கள் தம்பியின் ஸ்கூட்டரா?"

ஷ்ஷுப்.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
உதட்டைக் குவித்துக் காற்றைச் சட்டென உறிஞ்சுவோம்,
சூடான காபியின் முதல் மடக்குபோல.
அது ஆம்.
கடையில் பை வேண்டுமா என்றாலும் அதுதான்,
கல்யாணத்தில் பாதிரியார் கேட்டாலும் அதுதான்.
(என் அக்கா ராக்ன்வி அப்படித்தான் சொன்னாள்.
பாதிரியார் உள்ளூர்க்காரர், பிழைத்தாள்.)
மைனஸ் முப்பதில் வாயை எதற்குத் திறப்பது
என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரியாது.
மற்ற சொல்லெல்லாம் மூச்சோடு வெளியே போகிறது.
இது ஒன்றுதான்
வீட்டுக்குத் திரும்புகிறது.

"பதில் சொல்லுங்கள்."
ஷ்ஷுப்.
"மூச்சுத் திணறுகிறதா? ஜன்னலைத் திறக்கட்டுமா?"
ஜன்னல் திறக்கும் சத்தம்.
தூரத்தில் பனி வாரும் வண்டி.
"வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்கோத்."

வாயை விட்டு.
அங்கேதான் சிக்கல்.
தம்பியைக் காட்டிக்கொடுத்த மனிதர்
கொடுத்ததைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தார்.
மூன்றாவது முறை மிக மெலிதாக வந்தது.
வந்ததா, போனதா.
பின்னுக்கு ஓட்டி ஏழு தடவை கேட்டேன்.
பிறகு நாற்காலி: முன்னால் குனிந்திருக்கிறார்.
பிறகு துணி மேசையில் உரசுவது: தொப்பி.
"சாட்சி பதிலளிக்கவில்லை. நேரம் பத்து நாற்பது."

மௌனம் என்று எழுதினால்
தம்பி இன்றிரவு தன் கட்டிலில் தூங்குவான்.
நாளைக்கும்.
மூன்று மானும் சினை.
சொந்தக்காரி ரிஸ்டினைப் போன வாரம்
கூட்டுறவுக் கடை வரிசையில் பார்த்தேன்.
கூடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்,
உள்ளே ஒரேயொரு ரொட்டி.
எப்படி இருக்கிறாய் என்றதற்கு
நன்றாக இருக்கிறேன் என்றாள்.
சொற்களை மட்டும்.

மதியம் மால்ட்டேயே போன் செய்தார்.
"பதிவை மறுபடி கேட்டேன்.
ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால்
ஏதோ ஒரு சத்தம் இருக்கிறதே.
நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும்.
அவர் ஆம் என்றா சொன்னார்?"

சொல்லிவிட்டேன்.
தயங்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை,
அம்மாவுக்குச் சொல்வதுபோல,
கடைக்காரருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

"ஹலோ?" என்றார் அவர்.
"ஹலோ? லைனில் இருக்கிறீர்களா?"

என் உதடு இன்னும் குவிந்தே இருந்தது.